எங்கட ஆள் செய்தால் மட்டும் பிழையில்லையோ?

சில மாதங்களுக்கு முந்தைய ஒரு ஞாயிறு காலை. லண்டன் புறநகரில் ஒரு பூங்கா மைதானம். என்ர மகனுக்கு 13 வயது. அவன்ர அணி ஒரு கோலால் பின்தங்கி நிற்கிறது. பெனால்டிப் பெட்டிக்குள் அவன் விழுந்தான். மத்தியஸ்தர் விசில் ஊதவில்லை. எழும்பி ஓடிப்போய் அவரின் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தையை இங்கே எழுதேலாது. நேரே சிவப்பு அட்டை.

அந்த மத்தியஸ்தருக்கு 16 வயதுக்கு மேல் இருக்காது. கையில் ஒரு நிறப்பட்டி கட்டியிருந்தார். இங்கே சில மாவட்டங்களில் 18 வயதுக்குக் குறைந்த மத்தியஸ்தர்கள் அப்படிக் கட்டுவார்கள். 'இவரும் ஒரு பிள்ளைதான், பார்த்துக் கதையுங்கோ' என்று வெளியில் நிற்கிற பெரியாக்களுக்குச் சொல்வதற்காக. அட்டையைத் தூக்கின கை நடுங்கினது எல்லைக்கோட்டில் நின்ற எனக்கே தெரிந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில், காருக்குள் நான் சொன்ன முதல் வசனம் இது: "அது பெனால்டிதான் தம்பி. அந்தப் பெடியனுக்கு ஆட்டம் விளங்கேல்லை."

மகன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன்ர முகம் கொஞ்சம் தெளிந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்பா தன்ர பக்கம்.

வீட்டில் மனைவிதான் கேட்டா: "இஞ்சேருங்கோ, அவன் அந்தப் பிள்ளையைப் பார்த்து என்ன சொன்னவன் எண்டு கேட்டனீங்களோ? இல்லாட்டி அது பெனால்டியோ இல்லையோ எண்டதை மட்டும்தான் பார்த்தனீங்களோ?"

அன்று இரவு நித்திரை வரவில்லை. அவ கேட்டது சரி என்பதால் மட்டுமில்லை. காருக்குள் சொன்ன அதே மாதிரி வசனத்தை நான் முன்னமும் சொல்லியிருக்கிறேன். 2011 இல். என்ர மகனுக்காக இல்லை, எனக்கு முன்பின் தெரியாத ஒரு உருகுவே நாட்டுக்காரனுக்காக.

எட்டு ஆட்டமும் ஒரு ரீசேட்டும்

நான் லிவர்பூல் ஆள். தொண்ணூறுகளில் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வீட்டில் அஞ்சாறு பேராய் இருந்த காலத்தில், அங்கே மூத்த அண்ணை ஒருவர் லிவர்பூல். ரீவியின் ரிமோட் அவரிட்ட இருந்தது. அதனால் நாங்கள் எல்லாரும் லிவர்பூல். இப்படித்தான் எங்களில் பலர் கழகம் தெரிவு செய்தோம்.

2011 ஜனவரியில் லூயிஸ் சுவாரெஸ் லிவர்பூலுக்கு வந்தபோது எங்களுக்குக் கால் நிலத்தில் படவில்லை. அதே வருடம் ஒக்டோபர் 15 ஆம் திகதி, அன்ஃபீல்ட் மைதானத்தில் மன்செஸ்டர் யுனைடெட்டோடு ஆட்டம். முடிந்ததும் யுனைடெட்டின் பற்றிஸ் எவ்ரா முறையிட்டார்: சுவாரெஸ் தன்னைத் தோல் நிறம் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார் என்று. சுவாரெஸ் அந்த ஸ்பானியச் சொல்லை ஒருதரம் பாவித்ததை ஒத்துக்கொண்டார். ஆனால் தன்னுடைய நாட்டில் அது சாதாரணச் சொல், வசை இல்லை என்றார்.

இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அமைத்த சுயாதீன ஆணைக்குழு இருவரையும் விசாரித்தது. ஸ்பானிய மொழி நிபுணர்களைக் கேட்டது. 115 பக்கத்தில் தீர்ப்பு எழுதியது. எவ்ரா சொன்னதை நம்பலாம், அந்தச் சொல் ஏழு தரம் பாவிக்கப்பட்டது என்பது முடிவு. 8 ஆட்டத் தடை, 40,000 பவுண் தண்டப்பணம். அறிவிப்பு டிசம்பர் 20 இல் வந்தது. அடுத்த நாள் விகன் அணியோடு ஆட்டம். பயிற்சிக்கு இறங்கிய லிவர்பூல் வீரர்கள் எல்லாருடைய நெஞ்சிலும் சுவாரெஸின் படம். அவருக்கு ஆதரவாக அச்சடித்த ரீசேட்.

அதைப் பார்த்து நான் கை தட்டினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்ர மச்சான் ஒருவன் யுனைடெட் ஆள். அன்றிரவு தொலைபேசியில் பெரிய சண்டை. "ஸ்பானிஷில அது சும்மா சொல்லுற சொல்லு மச்சான், இவங்களுக்கு விளங்கேல்லை" என்று நான் வாதாடினேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "பெற்றோல் செட்டில நைட் வேலை செய்யேக்க உன்னைக் கூப்பிட்டவங்களே ஒரு பேர், அதுக்கும் அகராதி பார்த்தனியோ?"

நான் போனை வைத்துவிட்டேன்.

அவன் சொன்னது உண்மை. இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடிக்கு அங்காலை நின்று என்னைக் கூப்பிட்ட அந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கும். அவர்களிடம் காரணம் கேட்டிருந்தால் அவர்களும் 'சும்மா பகிடிக்கு' என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதெல்லாம் தெரிந்த நான்தான், கறுப்பு மனிதர் ஒருவர் சொன்ன முறைப்பாட்டைப் பொய் என்று இரவிரவாக நிரூபிக்க நின்றேன். ஏன்? சுவாரெஸ் எங்களுக்குக் கோல் அடிக்கிற ஆள். வேறு ஒரு காரணமும் இல்லை.

கதை அதோடு முடியவில்லை. 2012 பெப்ரவரி 11 இல் இரண்டு அணியும் திரும்பச் சந்தித்தபோது, ஆட்டத்துக்கு முன் வரிசையில் நின்ற எவ்ராவின் கையைச் சுவாரெஸ் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கழகம் விழித்தது. அடுத்த நாள் மன்னிப்பு அறிக்கைகள் வந்தன. அன்று ரீசேட் போட்டவர்களில் ஒருவரான ஜேமி கராகர், 2019 இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எவ்ராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாங்கள் செய்தது பெரும் பிழை என்று மன்னிப்புக் கேட்டார். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு எட்டு வருடம் எடுத்தது.

கடித்தால் விலை கூடும்

சுவாரெஸின் கணக்கை முழுக்கப் பார்த்தால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

2010 நவம்பரில் அவர் நெதர்லாந்தின் அஜக்ஸ் அணித்தலைவர். பி.எஸ்.வி. வீரர் ஒருவரின் தோளில் கடித்தார். 7 ஆட்டத் தடை. தடை முடிவதற்கு முன்பே லிவர்பூல் அவரை 22.8 மில்லியன் பவுணுக்கு வாங்கிவிட்டது.

2013 ஏப்ரல் 21, செல்சியோடு ஆட்டம். பிரனிஸ்லாவ் இவானோவிச்சின் கையில் கடித்தார். மத்தியஸ்தர் காணவில்லை. அதே ஆட்டத்தில் 97 ஆவது நிமிடம் தலையால் கோல் அடித்து அணியைத் தோல்வியில் இருந்து காப்பாற்றினார். பிறகு 10 ஆட்டத் தடை வந்தது. இந்தமுறை கழகம் ரீசேட் அடிக்கவில்லை, தானும் தண்டப்பணம் விதித்தது. ஆனாலும் தடை மிகக் கடுமை என்று முணுமுணுத்தது. தடை முடிந்து வந்த அந்தப் பருவத்தில் அவர் லீக்கில் 33 ஆட்டத்தில் 31 கோல் அடித்தார். எல்லாம் மறந்துபோச்சு.

2014 ஜூன் 24, பிரேசிலில் உலகக் கிண்ணம். இத்தாலியின் ஜோர்ஜியோ கியெலினியின் தோளில் மூன்றாவது கடி. பீஃபா 9 சர்வதேச ஆட்டத் தடையும், நான்கு மாதம் உதைபந்தாட்டம் சார்ந்த எதிலும் ஈடுபடக்கூடாது என்ற தடையும், ஒரு இலட்சம் சுவிஸ் பிராங் தண்டமும் போட்டது. அவர் நாடு திரும்பியபோது உருகுவே நாட்டு ஜனாதிபதியே வரவேற்க விமான நிலையம் போனார். எளிமைக்கு உலகமே புகழ்ந்த ஹோசே முஹிக்கா அவர். நல்ல மனிதர்களுக்கும் 'எங்கட ஆள்' வியாதி வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அடுத்த மாதமே, தடையில் இருந்த ஆளை, பார்சலோனா லிவர்பூல் கொடுத்ததைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியது.

மூன்று கடி. ஒவ்வொரு தடையும் முந்தினதைவிடப் பெரிது. ஆளின் மதிப்பும் ஒவ்வொரு தரமும் ஏறித்தான் போனது. சங்கம் ஒரு கையால் அடித்தது, சந்தை மற்றக் கையால் தடவிக்கொடுத்தது. தான் உதவி தேடி மனநல நிபுணர்களிடம் போனதாகச் சுவாரெஸே பின்னர் சொன்னார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2025 இல், 38 வயதில், அமெரிக்காவில் லீக்ஸ் கப் இறுதி ஆட்டம் தோற்றவுடன் எதிரணியின் அலுவலர் ஒருவர் மேல் துப்பி, மீண்டும் ஒரு 6 ஆட்டத் தடை வாங்கினார்.

அவரை அரக்கனாகக் காட்டுவது என்ர நோக்கமில்லை. மைதானத்துக்கு வெளியே அவர் நல்ல தகப்பன், நல்ல நண்பன் என்று அவரோடு விளையாடினவர்கள் சொல்கிறார்கள். நான் நம்புகிறேன். என்ர கேள்வி வேறு. 'நீ செய்தது பிழை' என்று வெளியாக்கள் எல்லாரும் அவருக்குச் சொன்னார்கள். அவரின்ர சொந்த ஆக்கள் அதை எப்ப சொன்னார்கள்?

யுனைடெட் செய்த ஒரு நல்ல காரியம்

லிவர்பூல் ஆளாய் இருந்துகொண்டு இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை.

1995 ஜனவரி 25. தென் லண்டனில் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானம், கிறிஸ்டல் பலஸ் அணியோடு ஆட்டம். யுனைடெட்டின் எரிக் கன்டோனாவுக்குச் சிவப்பு அட்டை. வெளியே போகும்போது, படிக்கட்டால் இறங்கிவந்து வேலிக்கு அங்காலை நின்று ஒரு ரசிகர் வாய்க்கு வந்தபடி ஏசினார். கன்டோனா வேலிக்கு மேலால் பாய்ந்து அவரின் நெஞ்சில் உதைத்தார். குங்ஃபூ உதை என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கின உதை அது. எனக்கு ஆங்கிலம் சரியாக விளங்காத காலம், ஆனால் அந்தப் படம் விளங்கினது.

அப்போது கன்டோனாதான் யுனைடெட்டின் உயிர். லீக்கில் பிளாக்பேர்னோடு கடும் போட்டி. கழகம் என்ன செய்தது? சங்கத்தின் தீர்ப்புக்குக் காத்திராமல், பருவம் முடியும்வரைக்கும் அவரைத் தானே நிறுத்தியது. 20,000 பவுண் தண்டம். பிறகு சங்கம் அந்தத் தடையை செப்ரெம்பர் 30 வரை நீட்டி, இன்னும் 10,000 பவுண் விதித்தது. நீதிமன்றம் இரண்டு வாரச் சிறை என்றது. மேன்முறையீட்டில் அது 120 மணி நேரச் சமூக சேவையாக மாறியது. உலகத்தின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கி அந்த மணித்தியாலங்களைக் கழித்தார். ஏசின ரசிகரும் தப்பவில்லை, அவரையும் நீதிமன்றம் தண்டித்தது.

அந்தப் பருவத்தில் யுனைடெட் லீக் கிண்ணத்தை ஒரேயொரு புள்ளியால் பிளாக்பேர்னிடம் இழந்தது. எஃப்.ஏ. கிண்ண இறுதி ஆட்டத்தையும் எவர்ட்டனிடம் தோற்றது. கன்டோனா இருந்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிற ஆக்கள் உண்டு.

அதே நேரம் முகாமையாளர் அலெக்ஸ் பேர்குசன் அவரைக் கைவிடவும் இல்லை. மனம் வெறுத்துப் பாரிசுக்குப் போன கன்டோனாவைப் பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசிக் கூட்டிவந்தார். 1995 ஒக்டோபர் 1 இல் கன்டோனா திரும்பி வந்தார். எங்களுக்கு எதிராகத்தான். ஒரு பெனால்டி அடித்தார். அடுத்த மே மாதம் அணித்தலைவர் பட்டியோடு எஃப்.ஏ. கிண்ண இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலும் அடித்தார். அதுவும் எங்களுக்கு எதிராகத்தான்!

பின்னாளில் கன்டோனா அந்த உதைக்காகப் பெரிதாக வருத்தப்பட்டவர் மாதிரிக் கதைக்கவில்லை. ஆகவே, அவர் மனம் திருந்திய புனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆளின் பக்கம் நிற்பது ஒன்று, ஆள் செய்ததின் பக்கம் நிற்பது இன்னொன்று. 1995 இல் யுனைடெட் முதலாவதைச் செய்தது. 2011 இல் லிவர்பூல் இரண்டாவதைச் செய்துவிட்டு, அதை முதலாவது என்று நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எண்ணிக்கையில் வருகிற தண்டனை

மஞ்சள், சிவப்பு அட்டைகள் உலகக் கிண்ணத்துக்கு வந்தது 1970 இல்தான். 1966 இல் இங்கிலாந்தும் ஆர்ஜென்டினாவும் மோதிய ஆட்டத்தில், வெளியே போகச் சொன்னது விளங்கவில்லை என்று அந்தோனியோ ரத்தின் மைதானத்தை விட்டுப் போக மறுத்து நின்ற குழப்பத்துக்குப் பிறகு, கென் அஸ்டன் என்ற ஆங்கிலேய மத்தியஸ்தருக்குத் தெருவில் சிக்னல் விளக்கைப் பார்த்து வந்த யோசனை அது. எந்த மொழிக்காரனுக்கும் விளங்கும். ஆனால் அட்டை 'வெளியே போ' என்று மட்டும்தான் சொல்லும். ஏன் பிழை என்று அது சொல்லாது.

தடையும் அப்படித்தான். ஆட்டங்களை எண்ணும். 2006 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் சினெடின் சிடான் மற்றெராசியின் நெஞ்சில் தலையால் முட்டினார். பீஃபா கொடுத்தது 3 ஆட்டத் தடை. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். இல்லாத ஆட்டத்துக்குத் தடை! கடைசியில் மூன்று நாள் சமூக சேவை செய்தார். முட்டு வாங்கிய மற்றெராசிக்கும், வாயால் சீண்டியதற்காக 2 ஆட்டத் தடை கிடைத்தது. அந்த உலகக் கிண்ணத்தின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து சிடானுக்குத்தான் போனது.

2023 மார்ச்சில் ஓல்ட் ட்ரஃபோர்டில் ஃபுல்ஹம் அணியின் அலெக்சாந்தர் மித்ரோவிச் மத்தியஸ்தரின் கையைப் பிடித்துத் தள்ளினார். 8 ஆட்டத் தடை. பூங்கா மைதானத்தில் ஒரு சாதாரண ஆள் இதையே செய்தால் தடை மாதக்கணக்கில் போகும். ரீவியில் கோடிப் பேர் பார்க்கிற ஆளுக்கு ஒரு அளவுகோல், ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு இன்னொன்று. பிள்ளைகள் யாரைப் பார்த்துப் பழகுகிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரென்ட்ஃபோர்ட் அணியின் ஐவன் டோனி பந்தய விதிகளை 232 தரம் மீறினதற்கு 2023 மே மாதத்தில் இருந்து 8 மாதத் தடை. அவர் சூதாட்டத்துக்கு அடிமைப்பட்டிருந்தவர் என்பதையும் ஆணைக்குழு கணக்கில் எடுத்தது. அவர் அணிந்த சட்டையின் நெஞ்சிலேயே ஒரு பந்தயக் கம்பனியின் பெயர் இருந்தது என்பது வேறு கதை. பந்தயம் கட்டினால் 8 மாதம், ஒரு மனிதரை நிறம் சொல்லி இழிவாகக் கூப்பிட்டால் 8 ஆட்டம். எட்டும் எட்டும் ஒன்றில்லை. பந்தயம் ஆட்டத்தின் நம்பகத்தன்மையைக் கெடுக்கும், கடுமை தேவைதான். ஆனால் தொழில் தன்ர வியாபாரத்துக்கு வருகிற ஆபத்தைத்தான் முதலில் காண்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இனவாதத்துக்குக் குறைந்தபட்சத் தடை என்று ஒன்றை இங்கிலாந்துச் சங்கம் கொண்டுவந்ததே 2013 இல்தான். சுவாரெஸ் விவகாரமும் ஜோன் டெரி விவகாரமும் நாறினதற்குப் பிறகு.

நல்ல உதாரணமும் உண்டு. நியூகாசிலின் சன்ட்ரோ டொனாலிக்கு 2023 ஒக்டோபரில் இத்தாலிச் சங்கம் பந்தயக் குற்றத்துக்காக 18 மாதம் தடை போட்டது. ஆனால் அதில் 8 மாதத்தைச் சிகிச்சையாகவும், இளையோர் முன்னால் போய்த் தன் கதையைச் சொல்கிற பேச்சுகளாகவும் மாற்றியது. மிச்சம் 10 மாதம் அவர் விளையாடவில்லை. கழகம் அவரோடு நின்றது, ஆனால் 'எங்கட பெடியன் ஒண்டும் செய்யேல்லை' என்று சொல்லவில்லை. 2024 ஓகஸ்டில் வந்து நன்றாகவே விளையாடினார்.

இன்னொன்று, சின் பின். மத்தியஸ்தரோடு வாய்காட்டினால் பத்து நிமிடம் வெளியே போய் நில். இங்கிலாந்தில் அடிமட்ட ஆட்டங்களில் முதலில் பரீட்சித்தபோது வாய்காட்டுதல் 38 சதவீதம் குறைந்தது என்று சங்கம் சொன்னது. 2019 பருவத்தில் இருந்து அது பரவலாக நடைமுறையில் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், தண்டனையின் பாரம் உடனேயே சொந்த அணியின் தலையில் விழுகிறது. உன்ர வாயால் உன்ர சிநேகிதர்கள் பத்துப் பேரோடு ஓடவேண்டும். அப்போது 'நீ செய்தது பிழை' என்று மத்தியஸ்தருக்கு முன்னால் சிநேகிதர்களே சொல்லுவார்கள்.

எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள்

2012 டிசம்பர் 2 ஆம் திகதி நெதர்லாந்தின் அல்மேரே நகரில் ஒரு இளையோர் ஆட்டம். ரிச்சர்ட் நியுவென்ஹவுசன், 41 வயது, தன் மகனுடைய அணிக்காகச் சம்பளமில்லாமல் கொடி பிடித்த கோட்டு மத்தியஸ்தர். ஆட்டம் முடிந்ததும், அவரின் தீர்ப்புகளில் கோபம் கொண்ட எதிரணிச் சிறுவர்கள் அவரை விழுத்தி உதைத்தார்கள். அடுத்த நாள் இறந்துபோனார். சிறுவர்கள் பலர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களோடு, ஒரு சிறுவனின் தகப்பனும். தகப்பனுக்கு 6 ஆண்டு சிறை.

அந்தத் தகப்பனைப் பற்றித்தான் நான் அன்றிரவு யோசித்துக்கொண்டு கிடந்தேன். நான் அவனில்லை, என்ர பிள்ளையும் அப்படிப்பட்டவன் இல்லை. ஒரு கெட்ட வார்த்தைக்கும் ஒரு கொலைக்கும் இடையில் நெடுந்தூரம். ஆனால் அந்த ஆளும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு காருக்குள் 'உனக்குப் பிழை விட்டது அந்த ரெஃப்ரிதான்' என்று சொல்லித்தான் தொடங்கியிருப்பார் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

எங்கட கோடைகாலச் சுற்றுப்போட்டிகளுக்குப் போய்ப் பாருங்கள். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, எங்கேயும் இதுதான் கதை. ஊர்ப் பெயரிலும் பள்ளிக்கூடப் பெயரிலும் கழகங்கள், கொத்துரொட்டி வாசம், ஒலிபெருக்கி. அருமையான நாள். ஆனால் அரையிறுதியில் எங்கட நல்ல விளையாட்டுக்காரனுக்குச் சிவப்பு அட்டை காட்டினால் என்ன நடக்கிறது? கழகத் தலைவர் மைதானத்துக்குள் இறங்குவார். "அவன் இல்லாட்டி நாங்கள் விளையாட மாட்டம்" என்பார். ஏற்பாட்டாளர், "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்று மத்தியஸ்தரை ஓரமாகக் கூட்டிப்போவார். பத்து நிமிடத்தில் சிவப்பு மஞ்சளாகும். வேலியோரம் நிற்கிற எட்டு வயதுப் பிள்ளையள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பினம். அவர்கள் அன்று கற்றுக்கொள்வது உதைபந்தாட்டம் இல்லை.

இதை மாற்றப் பெரிய சட்டம் ஒன்றும் தேவையில்லை. பருவம் தொடங்க முன் ஒவ்வொரு கழகமும் ஒரு தாளில் எழுதி ஒட்டலாம்: எங்கட ஆள் மத்தியஸ்தரை ஏசினால், ஏற்பாட்டாளர் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அடுத்த ஆட்டம் அவர் வெளியே இருப்பார், தண்ணிப் போத்தல் தூக்குவார். 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் செய்ததுபோல், தீர்ப்புப் பற்றி மத்தியஸ்தரோடு கதைக்கலாம் என்றால் அணித்தலைவர் மட்டும்தான் என்று வைக்கலாம். கிண்ணம் ஒன்றிரண்டு கைநழுவலாம். யுனைடெட்டுக்கும் 1995 இல் நழுவினதுதான்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை பின்னேரம் மகனைக் கூப்பிட்டு இருத்தினேன். "காருக்குள்ள அப்பா சொன்னது பிழை" என்று தொடங்கினேன். அது பெனால்டியோ இல்லையோ எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவன் சொன்ன வார்த்தைக்கும் பெனால்டிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொன்னேன். பிறகு அந்தப் பெற்றோல் செட் கதையை முதன்முதலாக அவனுக்குச் சொன்னேன். எவ்ராவின் கதையையும், ரீசேட்டுக்குக் கை தட்டின கதையையும் சொன்னேன். பிள்ளை என்னை வடிவாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, உங்களை அப்பிடிக் கூப்பிட்டவங்கள்தானே? பிறகும் ஏன் சுவாரெஸுக்கு சப்போர்ட் பண்ணினீங்கள்?"

பதில் சொல்லக் கஷ்டப்பட்டேன். "அவன் எங்கட ஆள் எண்டு நினைச்சன்" என்றேன்.

தடையை எதிர்த்து மேன்முறையீடு செய்யலாம் என்று பயிற்சியாளர் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றோம். தண்டப்பணத்தை மகன் தன்ர பிறந்தநாள் காசில் கட்டினான். தடை இருந்த வாரங்களில் விடியவே போய்ச் சின்னப் பிள்ளையளின் ஆட்டத்துக்கு வலை கட்டினான். அந்த மத்தியஸ்தர் பெடியனுக்குத் தன்ர கையால் ஒரு கடிதம் எழுதி, கழகச் செயலாளர் மூலம் அனுப்பினான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. பதில் வரவில்லை. வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

போன கிழமை சாப்பாட்டு மேசையில், இங்கே 14 வயதிலேயே மத்தியஸ்தர் பயிற்சி எடுக்கலாம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த வருடம் அவனுக்கு 14 ஆகும்.

"என்னை ஆரும் ஏசினா நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டான்.

"கோட்டுக்கு வெளியில வாயை மூடிக்கொண்டு நிப்பன்" என்றேன்.

நம்பாதவன் மாதிரிச் சிரித்தான். "பாப்பம்" என்றுவிட்டு, சோற்றைப் பிசையத் தொடங்கினான்.